இயந்திரம் வருகிறது, இயக்கும் கை எங்கே?

(தீவகத்தில் கமக்காரரும் தொழிலறிஞரும் கூடிய பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

சூரிய மின்சாரத்தைப் பற்றிப் பேச, நீதிமன்றத்தில் வழக்காடுவோருக்கு என்ன அருகதை என்று இக்கூட்டத்திலே சிலர் எண்ணக்கூடும். எண்ணுவது நியாயமே. தகட்டையும் கம்பியையும் பற்றிச் சொல்லப் பொறியியலாளர் இருக்கின்றனர். நாம் பேச வந்த பொருள் வேறு. ஒரு பொருள் எவருடையது, அதை ஆளும் உரிமை எவருக்கு, அவ்வுரிமை கையை விட்டுப் போகாதிருக்க என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விகள் சட்டத்தின்பாற்பட்டவை, அரசியலின்பாற்பட்டவையுங்கூட. அந்தக் கேள்விகளையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் நாட்டின் பொது மின்வலைக்குப் புறம்பே உள்ள தீவுகள். கடல் கடந்து கம்பி வரவில்லை. டீசல் மின்பிறப்பாக்கிகளே அங்கு வெளிச்சம் தந்து வந்தன. அவற்றுக்கு வேண்டிய எண்ணெயும் கடல்வழியாகவே வரவேண்டும். இந்நிலையை மாற்றச் சூரிய ஒளியையும் காற்றையும் கொண்டு மின்னாக்கும் திட்டமொன்று வகுக்கப்பட்டது. 2021 ஜனவரியில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியோடு சீனக் கம்பனியொன்றின் கூட்டமைப்பிடம் அதனை ஒப்படைக்க அமைச்சரவை இணங்கியது. தன் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் சீனம் காலூன்றுவதா என்று இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டின் இறுதியில் சீனத் தரப்பு வேலையை நிறுத்திவைத்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு உடன்படிக்கை. 2024 மார்ச்சில் இந்திய நிறுவனத்தோடு ஒப்பந்தம். ஒரு கோடியே பத்து லட்சம் அமெரிக்க டொலர் இந்திய நன்கொடை. சூரிய மின் 1,700 கிலோவாற்று, காற்று மின் 530 கிலோவாற்று, சேமிப்புக்கு 2,400 கிலோவாற்று மணி கொள்ளளவுள்ள பற்றறிகள், ஆபத்துக்கு உதவ 2,500 கிலோவாற்று டீசல் இயந்திரங்கள் என்பது திட்டத்தின் அளவு.

மூன்றாண்டுகளுக்கு மேல் நிகழ்ந்த இந்த இழுபறியில், கட்டுவது சீனமா இந்தியாவா என்று கொழும்பு கேட்டது, புதுடில்லி கேட்டது, பெய்ஜிங் கேட்டது. கட்டிய பின் இயக்குவது யார், பழுதானால் திருத்துவது யார், பட்டியல் எழுதிப் பணம் பெற்றுக் கணக்குக் காட்டுவது யார் என்ற கேள்விகளை நாமாவது கேட்டோமா? யானையைப் பரிசாகத் தருபவன் கறுப்பனா சிவப்பனா என்று பார்த்தோம். பாகன் யார் என்று பார்க்கவில்லை. பாகனில்லாத யானை செல்வமாகாது. வாசலிலே கட்டிவைத்த ஆபத்தாகும்.

பொது மின்வலையைச் சேர்ந்த வீட்டுக்கும் சேராத வீட்டுக்கும் இங்கே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. யாழ்ப்பாண நகரில் ஒருவர் தமது கூரையிலே சூரியத் தகடு பூட்டுகிறார். அது பழுதானால் அவர் வீட்டிலே விளக்கு அணைந்துவிடாது. வீதியால் போகும் கம்பி காப்பாற்றும். தீவிலே, வன்னியின் ஒதுக்குப்புறக் காணியிலே, தனித்து நிற்கும் நீரிறைக்கும் இயந்திரத்திலே அந்த மாற்றுவழி கிடையாது. பழுதென்றால் இருள், பழுதென்றால் பயிர் வாடும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரக் கடற்பயணம். கடல் குழம்பிய நாளில் வள்ளம் ஓடாது. அன்று உடைந்த ஆளியைத் திருத்தத் தெரிந்தவர் தீவிலே இருக்கவேண்டும். கொழும்பிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒருவர் வரும்வரை மருந்தகத்துக் குளிர்ப்பெட்டி காத்திராது.

எனவே, வலைக்குப் புறம்பான மின்சாரத்தில் தொழிலாளியின் பயிற்சியும் முகாமையாளரின் பயிற்சியும் இயந்திரத்தோடு இலவசமாக வரும் அணிகலன் ஆகா. அவை இயந்திரத்தின் ஓர் உறுப்பு. தகடு, பற்றறி, கம்பி, மனிதன் என்று நான்கையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்குச் சரியாகும்.

இதற்கு வெளியூர்ச் சான்று தேடுமுன் இந்நாட்டின் அனுபவத்தையே பார்ப்போம். 1997 இலும் 2002 இலும் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய இரண்டு திட்டங்களால் இலங்கையின் கிராமங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் சூரிய விளக்குப் பெற்றன. கடன் கொடுக்க நிறுவனங்கள் இருந்தன. விற்கக் கம்பனிகள் இருந்தன. பூட்டவும் திருத்தவும் அக்கம்பனிகளின் ஆட்கள் இருந்தனர். பொது மின்வலை கிராமம் கிராமமாக நீண்டுவர விற்பனை சுருங்கியது. விற்றவர்கள் கிளைகளை மூடினர். திருத்துவோரும் அவர்களோடு போயினர். கம்பி எட்டாத வீட்டில் பற்றறி செத்தபோது, கடன் கட்டுவது எதற்கு என்று குடும்பங்கள் கேட்டன. தொழில் தெரிந்தவன் கம்பனியின் ஆளாக இருந்தான், கிராமத்தின் ஆளாக இருக்கவில்லை என்பதே அங்கு நேர்ந்த கேட்டின் வேர்.

அதே காலத்தில், அதே திட்டங்களின் துணையோடு, மலைநாட்டிலும் சப்பிரகமுவையிலும் சிற்றோடைகளை மறித்துச் சிறு நீர்மின் நிலையங்கள் அமைத்த கிராமங்கள் உண்டு. அங்கே மின் பாவனையாளர் சங்கம் என்ற ஒன்றை ஊரார் முதலிலே கூட்டினர். வாய்க்கால் வெட்டியவரும் அவர்களே. இயக்குநராக ஊர்ப்பிள்ளையை நியமித்து, மாதக் கட்டணம் அறவிட்டு, அவனுக்குச் சம்பளம் கொடுத்தவரும் அவர்களே. ஒரு திட்டத்தின் கீழ் இருவகை ஏற்பாடுகள். ஒன்றில் மின்சாரம் விற்பனைச் சரக்கு, மற்றதில் ஊரின் சொத்து. வேறுபாடு இயந்திரத்தில் இருக்கவில்லை.

இனி வங்காளதேசத்தைப் பாருங்கள். 2003 இல் தொடங்கிய வீட்டுச் சூரிய மின் திட்டத்தின் மூலம் அந்நாடு 40 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு விளக்கேற்றியது. உலகிலேயே பெரிய திட்டம் என்று அது பேசப்பட்டது. அத்துணை வீடுகளுக்கும் பொறியியலாளர் எங்கே கிடைப்பர்? கிராமிய சக்தி போன்ற நிறுவனங்கள் உள்ளூர் இளைஞரையும் பெண்களையும் பயிற்றின. பயிற்சி நிலையங்களிலே பெண்கள் மின்னேற்றக் கட்டுப்படுத்திகளைச் சேர்த்துப் பூட்டவும் திருத்தவும் கற்றனர். மாதந்தோறும் தவணைப் பணம் வாங்க வீட்டுக்கு வரும் ஊழியரே பற்றறியையும் திறந்து பார்த்தார். தகட்டின் தூசியையும் பார்த்தார். கணக்கும் பராமரிப்பும் ஒரு கையிலே இணைந்தன. பணம் கேட்க வருபவர் பழுதையும் கேட்டுப் போவாராயின் பணம் கொடுக்க எவருக்கும் மனம் வரும். பின்னாளில் பொது மின்வலை விரைந்து பரவியதாலும், அரசே இலவசமாகத் தகடு வழங்கத் தொடங்கியதாலும் அத்திட்டம் தளர்ந்தது. தவணை கட்டியவனின் அயல்வீட்டுக்காரனுக்கு இலவசம் என்றால் தவணை நிற்கும்; தவணை நின்றால் பராமரிப்பு நிற்கும். இலவசமாகக் கொடுப்பதே தருமம் என்று மேடையிலே பேசும் அரசியல்வாதிகள் இதைச் சிறிது சிந்தித்தல் வேண்டும்.

மூன்றாவது சான்று இராஜஸ்தானத்தில், அஜ்மீர் மாவட்டத்துத் திலோனியா என்னும் சிற்றூரில் உள்ளது. 1972 இல் பங்கர் ராய் அவர்கள் தொடங்கிய நிலையம் அது. வெறுங்கால் கல்லூரி என்று உலகம் அதனை அழைக்கிறது. எழுத்தறியாத கிராமத்துப் பெண்கள், அவர்களிலும் நடுவயது கடந்த பாட்டிமார், ஆசியாவிலும் ஆபிரிக்காவிலுமுள்ள பல நாடுகளிலிருந்து அங்கு வந்து ஆறு மாதம் தங்கிச் சூரிய மின் தொழில் கற்கின்றனர். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. நிறத்தாலும் சைகையாலும் கைவேலையாலும் கற்று, ஊருக்குத் திரும்பி வீடுகளுக்கு விளக்கேற்றுகின்றனர்.

இதிலே இரண்டு செய்திகளை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது: ஒரு பெண்ணைப் பயிற்சிக்கு அனுப்புமுன் அவள் ஊர் ஒரு குழுவை அமைக்கிறது. மண்ணெண்ணெய்க்கும் மெழுகுதிரிக்கும் செலவிட்ட பணத்தை மாதந்தோறும் குழுவுக்குச் செலுத்துவதாக ஊரார் ஒப்புகின்றனர். திரும்பி வருபவளுக்கு அதிலிருந்தே ஊதியம். தொழிலாளியைத் தேடுமுன் நிருவாகத்தைத் தேடியிருக்கிறார்கள். இரண்டாவது: ஏன் பாட்டிமார்? இளைஞனுக்குச் சான்றிதழ் கொடுத்தால் அவன் அதை எடுத்துக்கொண்டு பட்டணம் போய்விடுகிறான். பாட்டி ஊரிலே இருப்பாள் என்று அந்நிலையத்தார் விடை கூறுகின்றனர். எத்தனை எளிய உண்மை!

நமது ஊரிலும் இந்த ஆட்சேபம் எழுவதை நாம் அறிவோம். பயிற்றிவிட்டால் பிள்ளைகள் கனடாவுக்கும் கட்டாருக்கும் போய்விடுவர் என்கின்றனர். போவர் சிலர்; அதை மறைப்பானேன்? வெளிநாட்டில் உழைப்பதும் குற்றமாகாது. ஆனால் அதற்காகப் பயிற்சியையே விட்டுவிடுவோமானால், பசு வேலி தாண்டுமென்று பசுவே வளர்க்காதவன் கதையாக முடியும். போகிறவர்களையும் பயிற்றுவோம், போகாதவர்களைக் கூடுதலாகப் பயிற்றுவோம். தீவிலே வீடும் காணியும் உள்ள தாய்மார், போரிலே கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள், வலை பொத்தும் முதியவர், படகு இயந்திரம் திருத்தும் கடற்றொழிலாளி ஆகியோரே முதல் வகுப்பின் மாணவராக இருத்தல் வேண்டும்.

நம்மவருக்கு இது புதிய கல்வியா? 1990 ஆம் ஆண்டின் பின்னர் குடாநாடு பல்லாண்டுகள் பொது மின்வலையிலிருந்து அறுபட்டுக் கிடந்தது. மண்ணெண்ணெயும் பற்றறியும் தடைப்பட்ட பொருள்களாயின. அக்காலத்திலே சைக்கிளின் டைனமோவை மிதித்துச் சுழற்றி வானொலி கேட்டது இந்த மண். போத்தல் விளக்கின் திரியைச் சுருக்கிப் பரீட்சைக்குப் படித்தது இந்த மண். பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் இக்கூட்டத்திலேயே இருக்கின்றனர். கைத்திறன் நம்மிடம் பஞ்சமில்லை. அத்திறனுக்குப் பெயரில்லை, பத்திரமில்லை, ஒழுங்கான பாடமில்லை. அதனால்தான் வேலைக்கு ஆள் எடுக்கும்போது நம் பிள்ளைகள் மண் சுமப்போராகவும் காவலாளராகவும் எடுக்கப்படுகின்றனர்.

அவ்வாறாயின் தொழிலாளி எதைக் கற்கவேண்டும்? ஆளியை நிறுத்தினாலும் வெயிலிலே தகடு மின்னை ஆக்கிக்கொண்டே இருக்கும் என்பதை முதலிலே கற்கவேண்டும். தகட்டிலிருந்து வருவது நேரோட்டம். வீட்டுக் கம்பியில் வரும் ஆடலோட்டம் ஒரு செக்கனுக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணைய வழியுண்டு. நேரோட்டத்தின் பொறி அவ்விதம் அணையாது, எரிந்துகொண்டே நிற்கும். இதை அறியாதவன் கையில் திருப்புளி கொடுப்பது அவன் உயிரைப் பணயம் வைப்பதாகும். கடற்காற்றின் உப்பு மூட்டுகளை அரிக்கும். இணைப்புகளைத் தவணைதோறும் பார்த்து இறுக்கவேண்டும். ஒரு மூலையில் விழும் வடலியின் நிழல் ஒரு வரிசைத் தகடுகளின் ஆக்கத்தையே குறைக்கும். ஈய பற்றறிக்கு வடிகட்டிய நீர் ஊற்றவேண்டும். கிணற்று நீர் ஊற்றினால் அது கெடும். அதை அடிமட்டம் வரை வெறுமையாக்கினால் ஐந்தாண்டு உழைக்கக் கூடியது இரண்டாண்டிலே சாகும். லித்தியம் பற்றறிக்கு வேறு விதி, வேறு ஆபத்து. இடி மின்னல் காலத்துக்குமுன் நிலத்தொடுப்பைச் சோதிக்கவேண்டும். இவற்றைப் புத்தகத்தில் வாசித்தால் மட்டும் போதாது. ஒரு சோளகக் காற்றுக் காலமும் ஒரு மாரியும் முழுமையாக நிலையத்திலே நின்று பழகவேண்டும்.

முகாமையாளர் கற்கவேண்டியது இதனினும் குறைவன்று. நாட்டிலே இத்தகைய நிலையங்கள் பல தொழில்நுட்பத்தால் சாவதில்லை; கணக்கால் சாகின்றன. ஓர் உதாரணம் கூறுவோம். நூறு வீடுகளுக்கு மின் தரும் ஒரு சிறு நிலையத்தின் பற்றறி பத்து லட்சம் ரூபா என்றும், பத்தாண்டு உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். பத்தாண்டு என்பது 120 மாதம். மாதம் 8,333 ரூபா ஒதுக்கவேண்டும். வீடொன்றுக்கு 83 ரூபா சொச்சம். விலையேற்றத்துக்குச் சிறிது கூட்டினாலும் ஒரு குடும்பத்துக்கு அது பாரமன்று. ஆனால் முதல் மாதத்திலிருந்து அதை ஒதுக்காமல், விளக்கு நன்றாக எரிகிறதே, கட்டணத்தைக் குறைப்போம் என்று எண்ணினால் பதினோராம் ஆண்டில் என்ன நிகழும்? பத்து லட்சத்துக்கு எவர் வாசலில் நிற்பது? இரவற் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளின் நிலை அதுவே.

அம்முகாமையாளர் தினக்குறிப்பு எழுதவேண்டும். முகில் மூடிய மூன்றாம் நாளில் எந்த இணைப்பை முதலில் நிறுத்துவது, எதைக் கடைசிவரை காப்பது என்று ஊரோடு முன்கூட்டியே தீர்மானித்திருக்கவேண்டும். மருந்தகமும் குடிநீர் இயந்திரமும் முதலில். குளிரூட்டிய விடுதி பின்னால். செல்வாக்குள்ளவர் வந்து வற்புறுத்தினாலும் அந்த வரிசையைக் குலைக்காத நெஞ்சுறுதி வேண்டும். உதிரிப்பாகம் முடியுமுன் வாங்கிவைக்கவேண்டும். ஆண்டுக்கொருமுறை கணக்கைச் சபையிலே வாசிக்கவேண்டும். இது பொறியியல் படிப்பன்று, ஆனாலும் படிப்பே.

கமக்காரப் பெருமக்களே, இனிக் கூறுவது சிறப்பாக உங்களுக்கு. சூரிய ஒளியால் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டங்களுக்கு வருகின்றன. எண்ணெய்ச் செலவு மிச்சம் என்று மகிழ்கின்றோம். மகிழவேண்டியதே. ஆனால் குடாநாட்டிலே வற்றாத ஆறில்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. அதுவே நமது கிணறு. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பு கிணற்றுக்குக் காவல் இருந்தது. மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தபோது எண்ணெயின் விலை காவல் இருந்தது. சூரியனுக்குக் களைப்புமில்லை, விலையுமில்லை. காலை முதல் மாலை வரை ஓடும். இத்தகைய கரையோர நிலத்தில் நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்து நின்றால் அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி மேலெழும் என்பது நீரியலார் கணக்கு. ஆதலால் இயந்திரத்தைப் பூட்டுபவன் கிணற்றின் ஊற்றையும் அளக்கத் தெரிந்தவனாக இருக்கவேண்டும். தகட்டின் அளவைத் தீர்மானிக்குமுன் தண்ணீரின் அளவைக் கேட்கவேண்டும். அவ்வறிவு இல்லாத விற்பனையாளன் பெரிய இயந்திரத்தையே விற்பான்; அவனுக்கு வருமானம், உங்களுக்கு உவர்.

மின்சாரமும் கிணறும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பதைச் சுன்னாகம் நமக்குக் கற்பித்தது. அங்கு அனல்மின் ஆக்கத்தோடு தொடர்புடைய எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்த வழக்கிலே, 2019 ஏப்ரல் 4 ஆந் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, சம்பந்தப்பட்ட கம்பனி 2 கோடி ரூபா செலுத்தவேண்டுமெனக் கட்டளையிட்டது. தீர்ப்பு நல்ல தீர்ப்பே. ஆனால் எந்தத் தீர்ப்பும் ஒரு கிணற்றைப் பழைய கிணறாக்காது. சூரிய மின் புகையற்றது, சுத்தமானது என்பது உண்மை. எனினும் செத்த ஈய பற்றறியைக் கொல்லையிலே உடைத்து அமிலத்தை மண்ணில் ஊற்றினால் அதுவும் கிணற்றுக்கே இறங்கும். பழைய பற்றறியைக் கணக்கெடுத்து, மூடிவைத்து, திருப்பி அனுப்பும் முறையும் பயிற்சியின் ஒரு பாடமாதல் வேண்டும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட ஒன்பதாம் அட்டவணையின் மாகாண சபை நிரலைப் படித்தவர்கள் சிலர். அதில் மின்சாரத்தைப் பற்றிய பகுதியை நினைவில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். மாகாணத்துக்குள் மின்சக்தியை ஆக்குவதற்கான இடங்களையும் வசதிகளையும் அபிவிருத்தி செய்தல், பேணல், முகாமை செய்தல் மாகாணத்துக்குரிய விடயமென அது கூறுகிறது. நீர்மின்சாரமும் தேசிய மின்வலைக்கு ஊட்டப்படும் மின்சாரமும் அதற்கு விலக்கு. விலக்குப் போக எஞ்சுவது யாது? தேசிய மின்வலைக்குப் புறம்பான சூரியனும் காற்றுமே! பெரிய மின்சாரத்தை மத்தியில் வைத்துக்கொண்டு, சிறிய மின்சாரத்தை மாகாணத்துக்கு விட்டிருக்கிறது சட்டம்.

அந்தச் சிறியதையாவது நாம் எடுத்து ஆண்டோமா? 2013 இல் தெரிவான வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் ஆண்டுக்கணக்கில் பின்போடப்பட்டது. இது கண்டிக்கத்தக்கது. ஆயினும் சபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓர் உண்மை மாறாது. முகாமை செய்யும் உரிமை தாளிலே எழுதப்பட்டிருக்கிறது. முகாமை செய்யத் தெரிந்தவர் பட்டியல் எழுதப்படவில்லை. நாளைக்கே உரிமையை முழுமையாகக் கையில் தந்தால், நெடுந்தீவு நிலையத்தை ஏற்று நடத்த எத்தனை பேரை நாம் பெயர் சொல்லி அழைக்கமுடியும்? அதிகாரம் கேட்போர் அதைத் தாங்கும் தோளையும் வளர்த்தல் வேண்டும்.

பயிற்சியின் மொழியைப் பற்றியும் சட்டம் மௌனம் சாதிக்கவில்லை. தமிழும் அரசகரும மொழியென 13 ஆம் திருத்தம் கூறுகிறது. தேசிய மொழிகளில் எதன் மூலமும் கல்வி பெற ஒருவருக்கு உரிமை உண்டென அரசியலமைப்பின் 21 ஆம் உறுப்புரை கூறுகிறது. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தால் மூன்றாம் நிலைக் கல்விக்கும் தொழிற்கல்விக்குமென ஆணைக்குழு அமைந்தது. ஏழு படிகளைக் கொண்ட தேசிய தொழிற்தகைமை முறை பின்னர் வந்தது. அனுபவத்தால் தொழில் கற்றவரைச் சோதித்து, பள்ளிக்கு அனுப்பாமலே தகைமை வழங்கவும் அம்முறையில் இடமுண்டு. டைனமோ சுழற்றிய கைகளுக்கு அந்த வாசல் திறந்திருக்கிறது. உள்ளே போவார் இல்லை. போகச் சொல்வாரும் இல்லை. திலோனியாவின் பாட்டிமார் மொழியின்றியே கற்றனர் என்றால் நம் பிள்ளைகள் தம் சொந்த மொழியிலே எத்துணை நன்றாகக் கற்பர்! கைந்நூல் சீனத்திலோ ஆங்கிலத்திலோ இருக்க, ஆபத்து அறிவித்தல் மட்டும் தமிழில் எழுதப்பட்டிருப்பது பயிற்சியாகாது.

ஆகவே நாம் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கின்றோம். ஒன்று: தீவகத்திலும் வன்னியிலும் நிறுவப்படும் எந்தச் சூரிய மின் நிலையத்தின் ஒப்பந்தத்திலும், உள்ளூரார் இத்தனை பேரைத் தமிழிலே பயிற்றி, நிலையத்தைக் கையளிக்குமுன் அவர்களே ஒரு குறித்த காலம் அதை இயக்கிக் காட்டவேண்டுமென்ற நிபந்தனை சேர்க்கப்படவேண்டும். முன்னரே கைச்சாத்தான ஒப்பந்தங்களுக்குத் துணை உடன்படிக்கை செய்யலாம்; சட்டம் அதற்குத் தடையாயில்லை. இரண்டு: யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலுமுள்ள தொழிற்பயிற்சி நிலையங்களில் இதற்கென ஒரு பாடநெறி தமிழில் நடைபெறவேண்டும், அதன் செய்முறைப் பகுதி தீவிலேயே நடைபெறவேண்டும். ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு எழுவைதீவில் நிறுவப்பட்ட சிறிய கலப்பு மின்னமைப்பைவிடச் சிறந்த வகுப்பறை எங்கே உண்டு? மூன்று: தொழிலாளிக்குரிய பாடநெறியோடு முகாமையாளருக்குரிய பாடநெறியும் ஏககாலத்தில் தொடங்கவேண்டும். நான்கு: இருவகையிலும் பாதி இடம் பெண்களுக்கு.

கோரிக்கை விடுப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. 1930களில் மூளாயிலே கூட்டுறவு வைத்தியசாலை கட்டியவர்கள் நமது முன்னோர். புகையிலையை மலையாளத்துக்கு விற்கச் சங்கம் அமைத்தவர்கள் அவர்கள். பனை தென்னை வளச் சங்கங்களின் கணக்கேடுகளை இன்றும் நம் ஊரார் எழுதுகின்றனர். சிறு தொகைகளைச் சேர்த்துப் பெரிய பொருளை ஆளும் வித்தை நமக்குப் பழக்கமானதே. அந்த வித்தையை மின்சாரத்துக்குத் திருப்பவேண்டும். ஒவ்வொரு தீவிலும் ஒரு மின் பாவனையாளர் சங்கம் அமைப்போம். இன்று நிலையம் எவர் கையில் இருந்தாலும், சங்கம் கண்காணிக்கட்டும், கேள்வி கேட்கட்டும், கணக்குக் கேட்கட்டும். கையேற்கும் நாள் வரும்போது ஆயத்தமாய் இருக்கட்டும்.

இதில் ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்குண்டு. கணக்காளர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமையைத் தந்தால் சங்கச் செயலாளருக்குக் கணக்கெழுதக் கற்பிக்கலாம். பொறியியலாளர்கள் கைந்நூலைத் தமிழாக்கலாம். ஆசிரியர்கள் அத்தமிழைப் பாட்டிக்கும் விளங்கும் தமிழாக்கலாம். சட்டத்தரணிகளாகிய நாம் சங்கத்தின் யாப்பையும் ஒப்பந்த நிபந்தனைகளையும் ஊதியமின்றி எழுதித் தருவோம். இதை வாக்குறுதியாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். கமக்காரர்கள் தம் கிணற்றின் நீர்மட்டத்தை வாரந்தோறும் ஒரு கொப்பியில் குறித்து வைக்கலாம். பயிற்சி பெறும் பிள்ளைக்கு அதைவிடச் சிறந்த பாடநூல் கிடையாது.

இதனால் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைக்குமென்று நாம் ஆசை காட்டவில்லை. மூன்று தீவுகளின் நிலையங்களுக்கு வேண்டியவர் சிலரே. தோட்டங்களின் இயந்திரங்கள், வன்னியின் ஒதுக்குப்புற வீடுகள், கடற்றொழிலாளர் வாடிகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் தொகை பெரிதன்று. ஆனால் அந்தச் சிலர் இல்லாவிட்டால் பலர் இருளிலே இருப்பர். ஓர் ஊருக்கு ஒரு மருத்துவிச்சி போதும். அவள் இல்லாத ஊரைப் போல அநாதையான ஊர் வேறில்லை.

நன்கொடையாய் வந்த தகடு இருபத்தைந்து ஆண்டு நிற்கும். தந்தவர்களின் பெயர்ப்பலகையும் நிற்கும். அதன் கீழே, இந்நிலையத்தை இயக்குவோர் என்று நம் ஊர்ப் பெண்களின், ஆண்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கவேண்டும். இத்தீர்மானத்தை அவைத் தலைவர் அவர்கள் இப்பொழுதே சபைக்கு முன் வைக்குமாறும், கூட்டம் கலையுமுன் ஒவ்வொரு தீவிலிருந்தும் ஐந்து பேர் சங்க அமைப்புக் குழுவுக்குத் தம் பெயரைத் தருமாறும் கேட்டு அமைகின்றோம்.